மருந்துத் தாளில் நோயின் பெயர் இல்லை என்று பணம் மறுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோட்டையூரிலிருந்து எழுதுகிறேன். காரைக்குடியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன். மருத்துவக் காப்பீடு பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் கடிதங்களை விடாமல் படிப்பவன். பிரீமியம் ஏறிவிட்டது, ரூம் வாடகை என்று சொல்லிப் பிடித்துவிட்டார்கள் என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள், எல்லாம் நியாயமான குறைகள்தான். ஆனால் என் வீட்டில் நடந்த மாதிரி, மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் நோயின் பெயர் இல்லை என்று காப்பீட்டுக் கம்பெனி பணம் மறுத்த ஒன்றை நான் அதில் படித்ததில்லை. எங்களுக்கு மட்டும் நடந்திருக்கும் என்று தோன்றவில்லை, வந்த மறுப்புக் கடிதத்தைப் பார்த்ததும் என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மடித்து பீரோவில் வைத்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்கு 2019-ல் லூபஸ் வந்தது. எஸ்.எல்.இ. என்று சீட்டில் எழுதுவார்கள். நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நம் உடம்பைத் தாக்குகிற நோய். பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது, அதுவும் பிள்ளை பெறுகிற வயதில். முதலில் விரல் மூட்டுகள் வீங்கின. அவள் கொட்டான், அதாவது பனை ஓலைக் கூடை, முடைகிறவள், ஈரத் துணியில் சுற்றி வைத்த பனை ஓலையை நாராகக் கிழித்து, சாயம் தோய்த்து, முகப்பில் உட்கார்ந்து முடைவாள், கல்யாணச் சீருக்கு வைக்கிற கொட்டானுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. அந்த விரலால் காலையில் ஓலையின் நுனியைப் பிடிக்க முடியவில்லை என்றாள். வேலை அதிகம், சரியாகிவிடும் என்று நான்தான் சொன்னேன். அப்புறம் கன்னம் இரண்டிலும் சிவப்பு படர்ந்தது, வெயிலில் போய்வந்தால் கூடியது. எங்கள் சீமையில் வெயில் படாமல் எப்படி இருப்பது? 2020 முடிவதற்குள் கால் வீங்கி, சிறுநீரில் நுரை நிற்க ஆரம்பித்தது. மதுரையில் சிறுநீரகத்தில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள், பயாப்சி என்பார்கள். லூபஸ் கிட்னிக்குப் போய்விட்டது, நான்காம் வகை என்று ரிப்போர்ட் வந்தது.

பாலிசி 2014-லிருந்து இருக்கிறது. நோய் வருவதற்கு ஐந்து வருஷம் முன்னால் எடுத்தது, ஒரு வருஷம்கூட விட்டதில்லை. அதனால் முன்பே இருந்த நோய், காத்திருப்புக் காலம் என்ற பேச்சுக்கே எங்கள் விஷயத்தில் இடமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரிடம் பேசினாலும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

இரண்டு வருஷம் ஸ்டீராய்டும் மைக்கோஃபினோலேட் மாத்திரையும் சாப்பிட்டாள். நன்றாகவே இருந்தாள். 2023 கடைசியில் மறுபடி நுரை. 24 மணி நேரச் சிறுநீரில் புரதம் 4 கிராமைத் தாண்டிவிட்டது. ஸ்டீராய்டைக் கூட்டினால் சர்க்கரை எகிறுகிறது, எலும்பு தேய்கிறது. டாக்டர் யோசித்துவிட்டு, "ரிட்டக்சிமாப் கொடுத்துப் பார்த்துவிடலாம்" என்றார். 15 நாள் இடைவெளியில் இரண்டு தடவை, தடவைக்கு 1000 மில்லிகிராம்.

அந்த மருந்தின் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை வீட்டுக்கு வந்து படித்தேன். கணக்கு எழுதுகிறவனுக்கு எந்தத் தாளையும் படித்தாக வேண்டும். நிணநீர்ப் புற்றுநோய், ரத்தப் புற்றுநோய் வகை ஒன்று, முடக்குவாதம் என்று போட்டிருந்தது. லூபஸ் என்ற சொல் எங்கும் இல்லை. எனக்குப் பகீர் என்றது. அடுத்த தடவை போனபோது டாக்டரிடம் கேட்டேன். அவர் கோபப்படாமல் உட்கார வைத்துச் சொன்னார். அவர் சொன்னதையும் அதன் பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன், ஏனென்றால் முழு வழக்கும் இதில்தான் நிற்கிறது.

ஒரு மருந்தை விற்க வேண்டும் என்றால் கம்பெனி அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். இன்ன நோய்க்கு இவ்வளவு பேரிடம் சோதித்தோம், இதோ முடிவு என்று காட்டினால் அந்த நோய்க்கு அனுமதி கிடைக்கும், அந்தப் பெயர் தாளில் ஏறும். வேறொரு நோய்க்கும் அது வேலை செய்கிறது என்று பின்னால் டாக்டர்கள் கண்டுபிடித்தால், அந்தப் பெயரையும் ஏற்ற கம்பெனி மறுபடி பெரும் பணம் போட்டு சோதனை நடத்தி விண்ணப்பிக்க வேண்டும். மருந்தின் காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பித்த பிறகு, அல்லது அந்த நோய் கொஞ்சம் பேருக்குத்தான் வருகிறது என்றால், யார் அந்தச் செலவைச் செய்வார்கள்? அதனால் தாளில் ஏறாமலே அந்த மருந்து வருஷக்கணக்கில் அந்த நோய்க்குக் கொடுக்கப்படுகிறது. இதற்குத்தான் ஆஃப்-லேபிள் என்று பெயர். டாக்டர் திருட்டுத்தனமாக ஏதோ செய்கிறார் என்று அர்த்தமே இல்லை. நீர்க்கட்டி இருக்கும் பெண்களுக்கு எழுதுகிறார்களே மெட்ஃபார்மின், அது சர்க்கரை நோய்க்கு அனுமதி வாங்கிய மாத்திரை. நரம்பு வலிக்கு ராத்திரி ஒன்று போடச் சொல்லும் அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு அனுமதி வாங்கியது. இந்தக் கடிதத்தைப் படிக்கிற வீடுகளில் பாதியிலாவது இப்படி ஒரு மாத்திரை இருக்கும் என்றே நினைக்கிறேன்.

லூபஸ் விஷயத்தில் இது இன்னும் கூடுதல். ஸ்டீராய்டும் மலேரியா மாத்திரையான ஹைட்ராக்சிகுளோரோகுயினும் 1950-களிலேயே அமெரிக்காவில் லூபஸுக்கு அனுமதி பெற்றவை. அதற்குப் பிறகு லூபஸுக்கென்று ஒரு புது மருந்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது 2011-ல்தான். நடுவில் அரை நூற்றாண்டு! அந்த அரை நூற்றாண்டு முழுக்க லூபஸ் நோயாளிகளைப் பிழைக்க வைத்ததில் பெரும் பங்கு வேறு நோய்களுக்கு என்று வந்த மருந்துகளுக்குத்தான். என் மனைவி இரண்டு வருஷம் சாப்பிட்ட மைக்கோஃபினோலேட் தாளில்கூட, மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்க என்றுதான் போட்டிருக்கிறது. 2020-ல் அவள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு, டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் மருந்துச் செலவு என்று அதே மைக்கோஃபினோலேட் பில்லை அதே கம்பெனிக்கு அனுப்பினோம். ஒரு கேள்வி கேட்காமல் பணம் கொடுத்தார்கள். தாளில் பெயர் இல்லாதது அப்போது அவர்கள் கண்ணில் படவில்லை. விலை குறைந்த மருந்தாக இருந்தால் தாளைப் பார்ப்பதில்லை, விலை கூடினால் பார்க்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் சுகாதாரப் பணியாளர்களுக்கு முன்தடுப்பாக ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைத்தது. தாளில் கொரோனா இல்லை, இருக்கவும் முடியாது. நாட்டுக்கு ஆபத்து என்றதும் தாளைத் தாண்டி யோசித்தார்கள். அந்த வாரம் என் மனைவியின் மாத்திரைக்காக செக்காலை ரோட்டிலிருந்து ஒவ்வொரு மெடிக்கலாக ஏறி இறங்கினேன், எங்கும் இல்லை. ஏழு மாத்திரைதான் கையில் இருந்தது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தோம்.

சரி, மருந்து ஏற்றிய நாளுக்கு வருகிறேன். 2024 மார்ச். அதற்கு முன்னால் மஞ்சள் காமாலை பி கிருமி உடம்பில் ஒளிந்திருக்கிறதா என்று ரத்தம் பார்த்தார்கள், இருந்தால் இந்த மருந்து அதைக் கிளப்பிவிடும் என்றார்கள். காலை ஒன்பது மணிக்குக் கட்டில். முதலில் ஒரு பாராசிட்டமால், ஒரு அலர்ஜி ஊசி, ஒரு ஸ்டீராய்டு. அப்புறம் இரண்டு குப்பி மருந்தை சலைன் பாட்டிலில் கலந்து, மணிக்கு 50 மில்லிகிராம் என்று ஆரம்பித்து, அரை மணிக்கு ஒரு தரம் வேகத்தைக் கூட்டினார்கள். ஒவ்வொரு தரமும் அந்த நர்ஸ் பெண் வந்து பி.பி. பார்த்து, "அக்கா, நெஞ்சு இறுக்கமா இருக்கா, தொண்டை கமறுதா" என்று கேட்டுவிட்டுத்தான் திருகைத் தொட்டது. இரண்டாவது தரம் கூட்டியபோது அவளுக்கு உடம்பு நடுங்கியது, உடனே நிறுத்தி, இருபது நிமிஷம் பொறுத்து மறுபடி மெதுவாக விட்டார்கள். முடிய சாயங்காலம் நாலரை ஆகிவிட்டது. கூடவே ஆக்சிஜன், அவசர மருந்துத் தட்டு எல்லாம் கட்டில் பக்கத்திலேயே இருந்தது. இது ஏதோ கிளினிக்கில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஊசி இல்லை என்பதற்காகத்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குக் கம்பெனியே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் கேட்டதற்கு மறுப்பு வந்தது. 24 மணி நேரம் உள்நோயாளியாக இல்லை, அதனால் முடியாது என்று. கையிலிருந்து கட்டினோம். இரண்டு தவணைக்கும் சேர்த்து 1 லட்சத்து 12 ஆயிரம் ரூபாய். பிறகு பில்லோடு அனுப்பியபோது காரணம் மாறிவிட்டது. அந்தக் கடிதத்தில் இருந்த வரியைத் தமிழில் சொல்கிறேன்: இந்த மருந்து இந்த நோய்க்கு அங்கீகரிக்கப்படவில்லை, ஆகவே இது நிரூபிக்கப்படாத சிகிச்சை, ஆகவே விலக்கு. கீழே கையெழுத்துக்கூட இல்லை, கம்ப்யூட்டரில் உருவான கடிதம், கையெழுத்து தேவையில்லை என்று போட்டிருந்தது.

பாலிசி போட்டுக் கொடுத்த தம்பி பக்கத்துத் தெருதான். "அண்ணே, ஆஃப்-லேபிள்னு போட்டுட்டாங்கன்னா அதுக்கு மேல பேசிப் பிரயோஜனம் இல்லண்ணே, விட்டுருங்க" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் ஐயா பர்மாவில் ஒரு வட்டிக் கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, இருந்தவர். எழுத்தில் இருப்பதுதான் பேச்சு, எழுத்தைப் படிக்காமல் பணத்தை விடாதே, எழுத்தைப் படிக்காமல் பணத்தை எழுதித் தள்ளாதே என்பது எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளையிலிருந்து கேட்டது. அதனால் பாலிசிப் புத்தகத்தை எடுத்து வரி வரியாகப் படித்தேன். இரண்டு இடம் கிடைத்தது.

ஒன்று, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 2019 செப்டம்பரில் கொண்டுவந்த விதி. நவீன சிகிச்சைகள் என்று 12 வகைகளைப் பட்டியல் போட்டு, இவற்றை எந்தக் கம்பெனியும் விலக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். கண்ணுக்குள் போடும் ஊசி, வாய்வழிக் கீமோதெரபி, ரோபோ அறுவை சிகிச்சை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நோய் எதிர்ப்புப் புரதம் ஒன்றை வெளியில் தயாரித்து ஏற்றுகிற மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசியும் உண்டு. ரிட்டக்சிமாப் அந்த வகைதான். உள்நோயாளியாகவோ, 24 மணி நேரம் தங்காமல் ஆஸ்பத்திரியில் பெறும் டே கேராகவோ கொடுத்தால் பணம் உண்டு என்று அங்கேயே எழுதியிருக்கிறது, ஆகவே 24 மணி நேரப் பேச்சு அடிபட்டுப் போகிறது. கம்பெனி இதற்கு ஒரு உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம், அது பாலிசிக்குப் பாலிசி மாறும், பார்த்துக்கொள்ள வேண்டும். முக்கியமாக, மருத்துவ ரீதியாகத் தேவைப்படும் இடங்களில் என்றுதான் அந்த விதியில் இருக்கிறது. மருந்துத் தாளில் நோயின் பெயர் இருக்கும் இடங்களில் என்று இல்லை. நான் மூன்று தரம் படித்துப் பார்த்தேன்.

இரண்டாவது, அவர்கள் காட்டிய அந்த விலக்கு. எல்லாக் கம்பெனிகளின் பாலிசியிலும் இது ஒரே மாதிரி வாசகம், 16-ம் எண் விலக்கு. நிரூபிக்கப்படாத சிகிச்சை என்றால் என்ன என்று அதிலேயே விளக்கம் இருக்கிறது: பலன் தருகிறது என்பதற்குப் போதுமான மருத்துவ ஆவணங்கள் இல்லாத சிகிச்சை. ஆவணம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. தாளில் அனுமதி இருக்கிறதா என்பதை அந்த விலக்கு கேட்கவே இல்லை. ஆஃப்-லேபிள் வேறு, நிரூபிக்கப்படாதது வேறு. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது கம்பெனி.

ஆவணம் இருக்கிறதா என்று கேட்டால், நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. லூபஸுக்கு ரிட்டக்சிமாப் கொடுத்து நடத்திய இரண்டு பெரிய சோதனைகள், 2010-லும் 2012-லும் முடிவு வெளியானவை, எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. அதனால்தான் தாளில் பெயர் ஏறவில்லை. இதை மறைத்துவிட்டு வாதாட நான் விரும்பவில்லை, டாக்டரும் மறைக்கவில்லை. ஆனால் மற்ற மருந்துகளுக்கு அடங்காத நோயாளிகளிடம் இது வேலை செய்கிறது என்று பல நாட்டு டாக்டர்கள் தொடர்ந்து பதிவு செய்தார்கள். ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர்கள் அமைப்பின் 2019 வழிகாட்டியிலும், சிறுநீரக மருத்துவர்களின் உலக அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ. வெளியிட்ட 2024 வழிகாட்டியிலும் முதல் மருந்துகளுக்கு நோய் கட்டுப்படாதபோது ரிட்டக்சிமாப் கொடுக்கலாம் என்று இருக்கிறது. என் மனைவி சரியாக அந்த இடத்தில்தான் நிற்கிறாள். எல்லா லூபஸ் நோயாளிக்கும் கொடு என்று நான் கேட்கவில்லை, இந்த நோயாளிக்கு இந்தக் கட்டத்தில் ஏன் கொடுத்தார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய் என்றுதான் கேட்கிறேன்.

டாக்டரிடம் போய் ஒரு கடிதம் கேட்டேன். கடிதம் என்றால் "இந்த நோயாளிக்கு இந்த மருந்து அவசியம்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுப்பது உதவாது, முதல் தடவை அப்படித்தான் கொடுத்திருந்தார். இந்த முறை இரண்டு பக்கம். பயாப்சி தேதியும் முடிவும், எந்தெந்த மருந்து எத்தனை மாதம் எந்த அளவில் கொடுக்கப்பட்டது, ஒவ்வொன்றும் ஏன் போதவில்லை அல்லது என்ன பக்க விளைவு வந்தது, புரதத்தின் அளவு மாதவாரியாக, வழிகாட்டியின் எந்தப் பகுதி இவளுக்குப் பொருந்துகிறது, மருந்து கொடுக்காவிட்டால் என்ன ஆகும். கடைசி வரியில், சிறுநீரகம் செயலிழந்தால் டயாலிசிஸ் தேவைப்படும், அந்தச் செலவு இதே பாலிசியில்தான் வரும் என்று அவரே எழுதியிருந்தார். வழிகாட்டியின் பக்கங்களை அச்செடுத்து மஞ்சள் கோடு போட்டு இணைத்தேன். இந்தக் கடிதம் வாங்க நான் மூன்று தடவை மதுரைக்கு பஸ் ஏறினேன். டாக்டர்களுக்கு ஓ.பி.யில் நூறு பேர் காத்திருக்கும்போது இதற்கு நேரம் கிடைப்பதில்லை, தெரியும். ஆனால் இந்த இரண்டு பக்கம் இல்லை என்றால் ஒன்றும் நடந்திருக்காது. இதைப் படிக்கிற டாக்டர்கள் தயவுசெய்து இதையும் சிகிச்சையில் ஒரு பகுதியாக நினைக்க வேண்டும்.

முதலில் கம்பெனியின் குறைதீர்க்கும் பிரிவுக்கு எழுதினேன். ஒரு மாதம் வரை பார்க்கலாம், அதற்குள் பதில் வராவிட்டாலும் வந்த பதில் சரியில்லாவிட்டாலும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆம்பட்ஸ்மேன் என்பார்கள். தமிழ்நாட்டுக்குச் சென்னை அண்ணா சாலையில் அலுவலகம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், வக்கீலை அங்கே அனுமதிப்பதும் இல்லை, நாமே பேச வேண்டும். கம்பெனி மறுத்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும், 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகளைப் பார்ப்பார்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா இணையதளத்திலும் புகாரைப் பதிந்தேன், 155255 என்ற எண்ணில் கூப்பிட்டும் சொல்லலாம். இடையில் 2024 மே 29-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரு பெரிய சுற்றறிக்கை விட்டது. கிளெய்மை மறுப்பதாக இருந்தால் கம்பெனியின் மறுஆய்வுக் குழு பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும், பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறோம் என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதையும் சேர்த்து எழுதினேன்.

விசாரணை வீடியோவில் நடந்தது. கடையின் பின்கட்டில், கணக்குப் பேரேடுகள் அடுக்கிய மேசையில் போனைச் சாத்தி வைத்து உட்கார்ந்தேன். கம்பெனி சார்பில் பேசியவர் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாடு இல்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். 16-ம் விலக்கில் அங்கீகாரம் என்ற சொல் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டேன். என் மனைவியின் கோப்பைப் பார்த்த உங்கள் டாக்டர் சிறுநீரக டாக்டரா, மூட்டுவாத டாக்டரா என்றும் கேட்டேன். இரண்டுக்கும் அவரிடம் பதில் இல்லை. 2024 டிசம்பரில் உத்தரவு வந்தது, பாலிசியின் உச்சவரம்புக்குட்பட்டு 94 ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொல்லி. பணமும் வந்துவிட்டது. மருந்து போட்ட ஆறாவது மாதமே புரதம் 1 கிராமுக்குக் கீழே இறங்கியிருந்தது. அந்த தீபாவளிக்கு அவள் மறுபடி ஓலையை நனைத்துச் சுற்றி வைத்தாள். கைப்பிடி அளவில் ஒரே ஒரு சின்னக் கொட்டான், அதை முடிக்க நாலு நாள் ஆயிற்று.

இங்கேயே முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

இந்த ஐப்பசியில் புரதம் மறுபடி ஏறியது. டாக்டர் மறுபடி இரண்டு தவணை எழுதினார். அதே நோயாளி, அதே மருந்து, அதே பாலிசி, அதே கம்பெனி. ஆம்பட்ஸ்மேன் உத்தரவின் நகலையும் முதல் பக்கமாக வைத்துக் கேஷ்லெஸ் கேட்டோம். வந்த பதில் அதே ஒற்றை வரி, ஒரு எழுத்து மாறவில்லை. போன் செய்து கேட்டால், "சார், ஒவ்வொரு கிளெய்மும் தனித்தனி சார், பழைய ஆர்டர் பழைய கிளெய்முக்குத்தான் சார்" என்கிறது ஒரு பையன். அவன் முன்னால் உள்ள திரையில் என்ன வருகிறதோ அதைத்தான் படிக்கிறான். யாரிடம் கோபப்படுவது?

நாள்பட்ட நோய் என்றால் ஒரு தடவை சண்டை போட்டு ஜெயித்துவிட்டு உட்கார்ந்துவிட முடியாது. மருந்து திரும்பத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் எட்டு ஒன்பது மாதம் வழக்காடி வாங்கிக்கொள் என்றால், அதற்குள் கிட்னி காத்திருக்குமா? இந்த முறை முதல் தவணைக்கு அவள் வளையல் இரண்டை அடகு வைத்தேன். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்துக்குப் போகலாமே என்று சிலர் சொல்கிறார்கள். அதற்கு ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும், எங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். எங்களைப் போல நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்தப் பாலிசியை விட்டால் வேறு துணை இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யை எடுத்துவிட்டார்கள், நல்ல காரியம், அதற்கு நன்றி. ஆனால் தேவைப்படும் நேரத்தில் பணம் வராத பாலிசி எவ்வளவு மலிவாகக் கிடைத்து என்ன?

நான் கேட்பது அதிகம் இல்லை. ஆஃப்-லேபிள் மருந்துக்கு எப்போது பணம் உண்டு, என்னென்ன ஆவணம் வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரு வாசகத்தைத் தெளிவாக எழுதி எல்லாப் பாலிசியிலும் சேர்க்கச் சொல்ல வேண்டும், தமிழிலும் கொடுக்கச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் புற்றுநோய் மருந்துகளுக்கு 1993 சட்டத்திலிருந்தே இப்படி ஒரு வழி இருக்கிறது: தாளில் இல்லாவிட்டாலும், அங்கீகரிக்கப்பட்ட மருந்துத் தொகுப்பு நூல்களில் அந்தப் பயன்பாடு ஏற்கப்பட்டிருந்தால் பணம் கொடுப்பார்கள். நம் ஊரிலும் துறை சார்ந்த வழிகாட்டிகளை அப்படி ஏற்றுக்கொள்வதில் என்ன கஷ்டம்? மறுப்பதாக இருந்தால் அந்த நோயின் நிபுணர் ஒருவர் கோப்பைப் பார்த்துக் காரணம் எழுதட்டும். ஒரு தடவை ஏற்றுக்கொண்ட மருந்தை, நோயாளியின் நிலைமை மாறாதவரை, ஒவ்வொரு தவணைக்கும் முதலிலிருந்து விசாரிக்கக் கூடாது. இந்தக் கடைசி ஒன்றை மட்டும் செய்தால்கூடப் போதும், எத்தனையோ குடும்பம் மூச்சு விடும்.

இந்த மறுப்பு கிடைத்த யாராவது இதைப் படித்தால், கடிதத்தை பீரோவில் வைக்காதீர்கள். எந்த விலக்கு எண் என்று பாருங்கள், அந்த விலக்கின் முழு வாசகத்தைப் பாலிசியில் தேடி எடுங்கள், உங்கள் டாக்டரிடம் அந்த இரண்டு பக்கத்தை வாங்குங்கள்.

இந்த முறை முதல் தவணை நேரத்தில் ஆஸ்பத்திரியில் மருந்து இருப்பு இல்லை என்றார்கள். காரைக்குடியில் தெரிந்த மெடிக்கல் கடைக்காரர் வரவழைத்துக் கொடுத்தார், நாலே சதவீத லாபம் வைத்து. 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பொதிகளுக்கு நடுவில் இரண்டு குப்பியை வைத்து, டேப் ஒட்டி, மடியில் வைத்துக்கொண்டு காலை ஐந்து மணி பஸ்ஸில் உட்கார்ந்தோம். பிள்ளையார்பட்டி விலக்கு வந்தபோது அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு ஒரு கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டாள். மேலூர் தாண்டும் வரை எடுக்கவில்லை.

இரண்டாவது தவணை வருகிற வெள்ளிக்கிழமை. அதே இரண்டு பக்கக் கடிதம், புதிய ரிப்போர்ட்டுகள், ஆம்பட்ஸ்மேன் உத்தரவு எல்லாவற்றையும் சேர்த்து 43 பக்கம் திங்கட்கிழமை மறுபடி அனுப்பியிருக்கிறேன். இதை எழுதும் வரை பதில் வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.